பெட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

பல ஆயிரம் வீடுகளில் இணையத்தை வரவழைத்தவள் நான். அதில் ஒரு வீட்டின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

தொலைபேசி உதவி மையத்தில் வேலை. காதில் ஹெட்செட், எதிரே திரை, கீழே சுழல் நாற்காலி. யார் வீட்டிலாவது இணையம் நின்றுபோனால் அழைப்பு எங்களுக்கு வரும். “இணையப் பெட்டியை அணைச்சுட்டு, பத்து வரைக்கும் எண்ணிட்டு, மறுபடி போடுங்க” என்பேன். போடுவார்கள். “ஆ, வந்துடுச்சு!” என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த நொடி டொக்கென்று வைத்துவிடுவார்கள். ஆறு கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார், நான் யார்? அந்தப் பெட்டியில் விளக்கு பச்சையாக எரிவதை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

ஒருநாள் கம்பெனி அந்தப் பிரிவையே இழுத்து மூடியது. எல்லாருக்கும் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்கு ஒரு வீம்பு பிறந்தது. வாயால் சொல்லியே அத்தனை பேருக்கு வரவழைத்தவள், கையால் செய்தால் என்ன? நேரில் போவது, கேபிளைச் செருகுவது, பெட்டியை மாட்டுவது, எரிகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வருவது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “தாராளமா செய். வீட்ல இருந்து எனக்கு உத்தரவு போடறதுக்கு அது எவ்வளவோ மேல்” என்றார். மனுஷனுக்கு என்மேல் அவ்வளவு அக்கறை.

கடை விரித்தாகிவிட்டது, கொள்வாரைத்தான் காணோம். கடைசியில் முதல் போணி செய்தது என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் மிருக வைத்தியர். நாய், பூனை, முயல், கிளி, எது வந்தாலும் பார்ப்பார். பேசாத ஜீவன்களோடு பழகிப் பழகி, பேசுகிற ஜீவன்கள் என்றாலே அவருக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. நானோ பேச்சையே பிழைப்பாக வைத்திருந்தவள். எங்கள் இருவருக்கும் எப்படிப் பொருந்தியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய ஆஸ்பத்திரி இரண்டு தளம். கீழே வரவேற்பறை, சோதனை அறை, எக்ஸ்ரே அறை. மேலே ஆபரேஷன் அறை, அதற்குப் பக்கத்தில் சேர்த்துக்கொண்ட பிராணிகளுக்கான வார்டு. இணையம் கீழே மேஜைமேல் இருந்த ஒரு பழைய பெட்டியிலிருந்து வந்தது. மாடிப்படியில் பாதிக்கு மேல் ஏறாது. ஆக, உடைந்த காலின் எக்ஸ்ரே படம் கீழே கணினியில் இருக்கும். உடைந்த கால் மேலே மேஜையில் இருக்கும். அண்ணி கையுறையைக் கழற்றி வீசிவிட்டுக் கீழே ஓடிவந்து படத்தைப் பார்ப்பார், மறுபடி மேலே ஓடுவார். ஒரு ஆபரேஷனுக்குள் அவர் ஏறி இறங்குவதைப் பார்த்தால் நோயாளி யார் என்றே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாடிக்கு இணையம் கொண்டுபோகும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிடுவதாக இருந்தார் அண்ணி. என் வீட்டுக்காரர்தான் அக்காவின் கையைக் காலைப் பிடித்து எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

“தம்பி சொன்னான்னு தர்றேன்” என்றார் அண்ணி. “ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆபரேஷன் ரூம்ல படம் தெரியணும். தெரியலன்னா மறுநாளே அந்தக் கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிடுவேன். மனசுல வச்சுக்கக் கூடாது.”

“சேச்சே, அதெல்லாம் வச்சுக்க மாட்டேன் அண்ணி” என்றேன். சாகும்வரை வைத்துக்கொண்டிருப்பேன் என்று இருவருக்குமே தெரியும்.

இது போதாதென்று அந்த வாரமே பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு. எங்கள் குழுத் தலைவி பேசினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. ஒரு அழைப்பைச் சராசரியாக எவ்வளவு நேரத்தில் முடிக்கிறோம் என்பதுதான் அவருக்கு மூச்சு. யாரிடமாவது நாம் சற்றுப் பரிவாகப் பேசிவிட்டால் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “உங்க சராசரி ஏறுது” என்பார். அந்தப் பிரிவை மறுபடி திறக்கிறார்களாம். பழைய இடம் எனக்குக் காத்திருக்கிறதாம். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன். வர்றேன், வரல, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. அதுக்கு மேல வச்சிருக்க முடியாது” என்றார்.

நான் மனதுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். அண்ணியின் மாடியில் படம் தெரிந்தால், வரவில்லை என்று சொல்லிவிடுவது. தெரியாவிட்டால், வாயை மூடிக்கொண்டு ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொள்வது. சொந்தக்காரர் ஆஸ்பத்திரியிலேயே ஒப்பேற்ற முடியாதவளை எந்த ஊரார் வீட்டுக்குள் விடுவார்கள்? ஆனால் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக எனக்கு எள்ளளவும் ஆசையில்லை. நினைத்தாலே காது மடல் வலித்தது.

ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் என்னையும் ஒரு மடக்கு ஏணியையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கேபிள்களை எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே சுவருக்குள் இழுத்துவிட்டிருந்தார். என் வேலை இதுதான்: மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் சுவிட்சை மாட்ட வேண்டும். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு தகரப் பெட்டி, முகத்தில் வரிசையாகத் துளைகள். இணையம் ஒரு துளை வழியாக உள்ளே வந்து மற்றத் துளைகள் வழியாகப் பிரிந்து போகும். அதிலிருந்து ஒரு கேபிள் வரவேற்பறைக் கூரைக்கு, இன்னொன்று மேலே வார்டுக்கு. இரண்டின் முனையிலும் ஆளுக்கொரு வைஃபை பெட்டி. இணையத்தைக் காற்றில் பரப்புவது அந்தப் பெட்டிகளின் வேலை. அவற்றுக்கு மின்சாரம்கூட அதே கேபிள் வழியாகப் போய்விடும்.

சுவிட்சைச் சுவரில் நான்கு திருகாணி போட்டு இறுக்கினேன். ஆடாமல் அசையாமல் நின்றது. இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தேன். பிறகு கணினியில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது.

கடவுச்சொல் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும். இதை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! “ஐயோ, சுவத்துல திருகிட்டேனே” என்பார்கள். மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரியிடம், “மாட்டறதுக்கு முன்னாடி திருப்பிப் பாக்கத் தெரியாதா இவங்களுக்கு?” என்று சிரிப்பேன். இப்போது என் சுவிட்சின் முதுகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு உதாரணம் தேடி யாரும் அலைய வேண்டாம், அந்த அலமாரிக்குள் வந்து பார்த்திருந்தால் போதும். நான்கு திருகாணியையும் கழற்றினேன். அண்ணி அந்தப் பக்கமாகப் போனார். பார்த்தார். என் கையில் இருந்த திருகாணிகளை எண்ணிவிட்டு மேலே ஏறிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

கடவுச்சொல்லைப் போட்டேன், புதிதாக ஒன்றை வைத்தேன், மறுபடி மாட்டினேன். ஏணியில் ஏறி வரவேற்பறைக் கூரையில் முதல் வைஃபை பெட்டியைப் பொருத்தினேன். ஒவ்வொரு படிக்கும் ஏணியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கேபிளைச் செருகியதும் பெட்டியில் ஒரு விளக்கு சிவந்தது, மஞ்சளாயிற்று, கொஞ்ச நேரம் யோசித்தது, பச்சையாகிவிட்டது. என் மூக்குக்கு நேரே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏணியின் மேல் நின்று அழுதேன். கீழே யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அந்தச் சந்தோஷத்தோடு ஏணியிலிருந்து இறங்கி, வரவேற்பறை மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

அது சுழல் நாற்காலி. எதிரே கணினித் திரை. கைக்கெட்டும் தூரத்தில் வார்டோடு பேசுகிற இன்டர்காம்.

இரண்டாவது பெட்டியைக் காலையிலேயே வார்டு நர்ஸம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். கடிக்கிற நாயைக்கூடக் கன்னத்தில் தட்டித் தூங்க வைப்பார். இன்டர்காமை எடுத்தேன்.

“வார்டு சுவத்துல ஒரு கேபிள் தொங்குது பாருங்க. அதைப் பெட்டியில செருகிட்டு, எங்கயாவது பத்திரமா வச்சிடுங்க. வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்புறமா வந்து நான் மேல மாட்டிடறேன்.”

“பத்திரமாத்தானே? அதை எங்கிட்ட விட்டுடுங்க” என்றார் நர்ஸம்மா.

ஆபரேஷன் அறையில் அண்ணி டேப்லெட்டோடு நின்றிருந்தார். என் திரையில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மேல் பெட்டிக்கு மின்சாரம் போகிறது, பெட்டி உயிரோடு இருக்கிறது, சுவிட்சோடு பேசுகிறது. அண்ணியின் டேப்லெட் மட்டும் அதில் இணையவில்லை.

“வரல!” என்று படிக்கட்டு வழியாகக் குரல் வந்தது.

இன்டர்காமில் கேட்டேன். “நர்ஸம்மா, பெட்டியில லைட் எரியுதா?”

“இருங்க, பாத்துச் சொல்றேன்… எரியுது. பச்சை.”

“வந்துடுச்சு!” என்று மேலிருந்து அண்ணி கத்தினார். எனக்கு மூச்சு வந்தது. இன்டர்காமை வைத்தேன்.

“போச்சு!” என்றார் அண்ணி.

மறுபடி எடுத்தேன். “நர்ஸம்மா, லைட் இப்பவும் பச்சைதானா?”

“பாக்கறேன்… பச்சைதான்.”

“வந்துடுச்சு!”

“அப்படியா, சரி நர்ஸம்மா.”

“போச்சு!”

இப்படியே எத்தனை தடவை! நான் விசாரித்தால் வருகிறது, விசாரிக்காவிட்டால் போகிறது. இப்படி ரோஷப்படுகிற பெட்டியை நான் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன். சுவிட்சில் துளையை மாற்றினேன். அலைவரிசையை மாற்றினேன். வீச்சை முழுசாகக் கூட்டினேன். எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே. மாடிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாமே என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. நாற்காலி, திரை, கையில் போன். உடம்பு பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. குரல்கூட மாறிவிட்டது போலிருக்கிறது. “உங்களுக்கு வேற ஏதாவது உதவி தேவைப்படுதாங்க?” என்று நர்ஸம்மாவிடம் என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

“ஒரு டீ கிடைச்சா நல்லாருக்கும்” என்றார் அவர்.

மதியம் தாண்டிற்று. அண்ணி பாதிப் படிக்கட்டு வரை இறங்கி வந்து நின்றார். “நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லிடட்டுமா? காலைலயே வருவாங்க.” கோபமாகச் சொல்லவில்லை. கால் ஒடிந்த நாயின் சொந்தக்காரரிடம் பேசுகிற இதமான குரலில் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“சாயங்காலம் வரைக்கும் இருங்க அண்ணி.”

அப்போதுதான், செய்யவே கூடாது என்று இருந்ததைச் செய்தேன். சுவிட்ச் செய்த கம்பெனியின் உதவி எண்ணை என் கைபேசியில் அழைத்தேன்.

காத்திருப்பு இசை. அந்தப் பக்கம் இருந்தபோது அது எனக்குக் கேட்டதே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, மனிதர்களுக்குள் இருக்கும் மிருகத்தை எழுப்பவென்றே யாரோ இயற்றியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு இளைஞர் வந்தார். தேன் ஒழுகும் குரல்.

“வணக்கம் மேடம், நான் உங்களுக்கு எப்படி…”

“மேல் மாடிப் பெட்டி வந்து வந்து போகுது.”

“புரியுது மேடம். முதல்ல பெட்டியை அணைச்சு…”

“பத்து எண்ணிப் போட்டாச்சு.”

“சரி மேடம். கேபிளை…”

“மாத்தியாச்சு.”

“அலைவரிசை…”

“அதுவும்.”

அவர் பட்டியலை விட்டுவிட்டார். “மேல இருக்கற பெட்டிய நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா மேடம்?”

“பாத்துட்டேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எல்லாரும் ஏன் சொல்கிறார்களோ அதற்காகத்தான். எழுந்து போகச் சோம்பல், கேட்டதில் எரிச்சல், நமக்குத் தெரியாததா என்கிற திமிர். உதவி மையத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பொய் அத்துப்படி. அழைப்பவர்களில் பாதிப்பேர் பார்க்காமலேயே பார்த்துவிட்டேன் என்பார்கள். பொய் சொல்லாதீங்க என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? அதற்காக நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பார்த்தீர்களா என்று இரண்டாம் தடவை கேட்க மாட்டோம். அங்கே நிற்கிறவருக்கு மட்டுமே பதில் தெரிகிற கேள்வியாக ஒன்றைக் கேட்போம். மனதுக்குள் நான் அந்தக் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“நல்லது மேடம். பெட்டிக்குப் பக்கத்துல என்ன இருக்கு, சொல்றீங்களா?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

“பக்கத்துல… சுவர் இருக்கு.”

“சரி மேடம். சுவர் என்ன நிறம்?”

“வெள்ளை. வெள்ளை மாதிரி.”

“பெட்டிக்கு மேல?”

“மேல… கூரைதான். வேற என்ன இருக்கும்?”

“சரி மேடம்.” குரலில் தேன் இன்னும் ஒரு கரண்டி கூடியது. “அவசரம் ஒண்ணும் இல்ல. நான் லைன்லயே இருக்கேன். நீங்க ஒரு தடவை போய் நின்னு பாத்துட்டு வாங்க.”

அந்தக் கூடுதல் கரண்டிக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முகம் சுட்டது. எழுந்தேன். மாடிப்படி ஏறினேன்.

வார்டில் சுவரை ஒட்டி வரிசையாக இரும்புக் கூண்டுகள். மூன்று பக்கமும் பளபளக்கும் தகடு, முன்னால் கம்பிக் கதவு. ஒன்றில் காலில் கட்டுப் போட்ட நாய். ஒன்றில் ஒரு முயல். சுவரில் கேபிள் தொங்குவது தெரிந்தது. அதன் வழியே கண்ணை ஓட்டினேன். ஒரு கூண்டுக்குள் போய் முடிந்தது. கூண்டின் முகப்பை மறைத்து, எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டிக்கொள்கிற ஈய அங்கி தொங்கியது.

“நர்ஸம்மா, பெட்டி எங்க?”

“பத்திரமா இருக்கு” என்று பெருமையோடு அங்கியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, மடித்த துண்டின் மேல், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் என் வைஃபை பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது.

“வந்துடுச்சு!” என்று பக்கத்து அறையிலிருந்து அண்ணியின் குரல்.

“இதை எதுக்கும்மா கூண்டுல போட்டீங்க?”

“பின்ன? இங்க ஒரு பூனை வளைய வருதே, தெரியாதா? சூடா எது இருந்தாலும் ஏறி உக்காந்துக்கும். பெட்டி வேற வெதுவெதுன்னு இருக்கு. வயரைக் கண்டா கடிக்கும். நீங்கதானே பத்திரமா வைக்கச் சொன்னீங்க. அதான் தாழ்ப்பாள் போட்டேன்.”

“அங்கி எதுக்கு?”

“லைட்டு மினுக் மினுக்குங்குது. பக்கத்துக் கூண்டு நாய்க்குத் தூக்கமே வரல, பாவம். நல்ல கனமான துணியாப் பாத்துப் போட்டேன். நீங்க கேக்கறப்பல்லாம் தூக்கித் தூக்கிப் பாத்துச் சொன்னேனே.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பக்கமும் இரும்பு. முன்பக்கம் எக்ஸ்ரேகூடத் துளைக்க முடியாத ஈயம். இணையம் எந்த வழியாக வெளியே வரும்? நான் விசாரிக்கும்போது நர்ஸம்மா அங்கியைத் தூக்குவார். கம்பி இடுக்கு வழியாக அது கொஞ்சம் தப்பித்து வெளியே ஓடும். அண்ணி “வந்துடுச்சு” என்பார். நர்ஸம்மா எனக்குப் பதில் சொல்லிவிட்டு அங்கியை விடுவார். “போச்சு.”

நர்ஸம்மா மேல் தப்பே இல்லை. அந்த மாடியில் பத்திரம் என்றால் கூண்டுதான். உள்ளே வருகிற எதையும் முதலில் கூண்டில் போட்டுத் தாழிடுவது அங்கே முறை. அண்ணியின் கைப்பையே இன்னொரு கூண்டில்தான் பூட்டப்பட்டுக் கிடந்தது. நான்தான், போய்ப் பார்க்கிற தொழில் தொடங்கியவள், போய்ப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து நர்ஸம்மாவும் சிரிக்க, கட்டுப்போட்ட நாய் இருவரையும் பார்த்துக் குரைத்தது.

ஏணியை மேலே இழுத்து வந்தேன். வார்டுக்கும் ஆபரேஷன் அறைக்கும் நடுவே, எந்தப் பூனையும் எட்டாத கூரையில் பெட்டியைத் திருகினேன். இந்தத் தடவை ஏணியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

“வந்துடுச்சு!” என்றார் அண்ணி.

எல்லாரும் காத்திருந்தோம். ஏணியில் நான், கீழே நர்ஸம்மா. “போச்சு” வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். வரவே இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அண்ணி ஆபரேஷன் அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அந்த நாய்க்காலின் எக்ஸ்ரேயை டேப்லெட்டில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“படி ஏறி இறங்கியே என் முட்டி தேஞ்சு போச்சு” என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “மிச்சம் இருக்கறது இனிமே உன் பேரைச் சொல்லும்.”

இவ்வளவு நீளமாக என்னை அவர் பாராட்டியதில்லை. கட்டிப்பிடித்திருப்பேன். கடித்துவிடுவாரோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

கூண்டுக் கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். “நீ காலைல இருந்து கீழ உக்காந்து, பச்சையா பச்சையான்னு கேட்டுட்டே இருந்தியே. எங்கிட்ட வர்றதுங்களை எங்க வலிக்குதுன்னு அப்படிக் கேட்டுட்டே இருந்தா, ஒண்ணுகூடப் பிழைக்காது.”

“போதும் அண்ணி, குத்திக் காட்டினது.”

“ஊசி போடற கை. குத்தத்தான் செய்யும்.”

அப்போதுதான் சட்டைப் பையில் இருந்த கைபேசி நினைவுக்கு வந்தது. அந்த இளைஞர் இன்னும் லைனில் இருந்தார்.

“ஐயோ, தம்பி! வந்துடுச்சு.” வைத்துவிடப் போனேன். விரல் பாதியில் நின்றது. “இருங்க, என்ன நடந்ததுன்னு சொல்றேன்.”

கூண்டு, தாழ்ப்பாள், துண்டு, ஈய அங்கி, பூனை, ஒன்று விடாமல் சொன்னேன். தேன் குரலெல்லாம் கழன்று அவர் வெடித்துச் சிரித்தார். “கூண்டுலயா மேடம்? நான் உங்க வீட்ல பெரிய அலமாரி ஏதாவது இருக்கும்னு நினைச்சேன்.” பிறகு, “வந்துடுச்சுன்னதும் எல்லாரும் வச்சிடுவாங்க மேடம். என்னதான் ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது” என்றார்.

“தெரியும் தம்பி. நானும் அந்த நாற்காலியிலதான் இருந்தேன்.”

“அதான் நான் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொன்னீங்களா!”

அவருடைய சராசரியை நான் கெடுத்துவிட்டேன் என்று நிச்சயமாகத் தெரியும். மன்னித்திருப்பார்.

சாயங்காலம் கேபிள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாளைக்கே இன்னொரு இடத்தில் எனக்கு வேலை சொல்லி வைத்திருப்பதாக அண்ணி அறிவித்தார். கூடப் படித்த தோழி, குதிரை வைத்தியராம். “குதிரை பின்னால மட்டும் நிக்காத” என்றார். போன் அடித்தது. சராசரி.

“என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

“நான் வரலைங்க” என்றேன். மாசம் பிறந்தால் வருகிற சம்பளத்தை, தெரிந்த நாற்காலியை, ஒரு வார்த்தையில் உதறிவிட்டேன். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

யோசித்ததைச் சொன்னேன். காலையில் திருகாணி கழற்றியதிலிருந்து ஈய அங்கி வரைக்கும் முழுக்கதையும் சொன்னேன். இடையில் எங்காவது வெட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெட்டவில்லை. ஒரு இடத்தில் சிரித்தார்கூட. பச்சை விளக்கு வந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். மறுபடி சொன்னேன்.

“இவ்வளவுதாங்க கதை.”

“சரி” என்றார். “ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்குக் கூட வர ஆள் தேவைப்படுமா?”

“யாருக்குக் கேக்கறீங்க? உங்க சொந்தக்காரங்களா?”

“எனக்குத்தான்.”

நான் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் எல்லாரையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைத்தவர் என்று அத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். அவருக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது என்பதை ஒருநாளும் நினைத்ததில்லை.

“ஏணி ஏறுவீங்களா?” என்று கேட்டேன்.

“ஏறினதில்ல. உயரம்னா பயம்.”

“நானும் இன்னிக்குக் காலை வரைக்கும் ஏறினதில்ல” என்றேன். “நாளைக்கு வாங்க. நான் கீழ பிடிச்சுக்கறேன்.”